வலி மதிப்பு: ஒன்று

காலை ஆறரைக்குக் கைபேசியில் இருக்கிற நடைத்தோழி செயலி கூப்பிட்டுவிடும். ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. அதற்குள் பகவதி தலை வாரி, ஸ்டிக்கர் பொட்டு வைத்து, கைபேசியை மிக்ஸியின் மேல் சாய்த்துவைத்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். உடற்பயிற்சிக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. முகத்தைப் பார்க்கிற ஒன்றின் முன்னால் வெறும் நெற்றியோடு நின்று பழக்கமில்லை, அவ்வளவுதான்.

"வணக்கம், பகவதி அம்மா. இன்று நூற்றுப் பதினேழாவது நாள். நீங்கள் ஒரு நாளும் தவறவில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள்."

பகவதி எழுந்தாள். வலது முட்டிக்குள் நறநறவென்று சத்தம் கேட்டது. மணலும் கல்லுமாக ஏதோ அரைபடுவது போல, காதுக்கே கேட்கிற சத்தம். வலி தொடை வழியாக ஏறி இடுப்பைப் பிடித்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள். ஐந்தாவது தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது. பத்தையும் முடித்துவிட்டுத்தான் நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

"மிக நன்று. வலி மதிப்பு: ஒன்று. நாளை முதல் பதினைந்து தடவை செய்யலாம்."

பத்துக்கு ஒன்று. எறும்பு கடித்தால்கூட அதைவிடக் கூடுதலாக வரும்.

நடைத்தோழியைச் சும்மா திட்டிப் பயனில்லை. எத்தனையோ பேருக்கு அது நல்லது செய்திருக்கிறது. அடுத்த பிளாக்கில் இருக்கிற தபாலாபீஸ்காரம்மா காலை இழுத்து இழுத்து நடந்தவர். நாலு மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்து, தினமும் பயிற்சி செய்து, இன்றைக்குப் பேருந்தில் ஓடி ஏறுகிறார். எலும்புக்கு நடுவில் மெத்தை கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறவர்களுக்கு எடையைக் குறைத்துத் தசையைக் கெட்டிப்படுத்தினால் அதுவே பெரிய மருந்து. பகவதியின் வலது முட்டியில் மிச்சம் எதுவும் இல்லை. எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரே வழி, முட்டியை எடுத்துவிட்டு வேறு முட்டி வைப்பது. அந்த ஆபரேஷனை இலவசமாகச் செய்கிற திட்டத்தில் பெயர் ஏற வேண்டுமென்றால் ஆறு மாதம் நடைத்தோழியிடம் பயிற்சி முடிக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்துப் பெயர் பதிந்த முகாமில் நர்ஸ் மும்தாஜ் தெளிவாகத்தான் சொன்னாள்.

"முந்தி, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு எல்லார்ட்டயும் கேட்டோம்க்கா. வந்தவங்க அத்தனை பேரும் பத்துன்னாங்க. வாசல்ல ஓடி வந்து எடம் பிடிச்சவரும் பத்துன்னாரு. யாருக்கு மொதல்ல செய்யதுன்னே தெரியல. அதான் இப்ப வாயைக் கேக்கதே இல்ல. தினமும் பயிற்சி செய்யும்போது அது முகத்தைப் பாக்கும். புருவம் எப்படிச் சுருங்குது, கண்ணோரம், உதடு, மூச்சு, எல்லாத்தையும் பாக்கும். முகம் பொய் சொல்லாதுல்லா."

"ஆறு மாசம் கழிச்சு?"

"சராசரி ஆறுக்கு மேல இருந்தா ஆபரேஷன். நாலுக்குக் கீழ வந்துட்டா ஆபரேஷனே வேண்டாம், நல்ல விஷயந்தான? நடுவுல இருந்தா இன்னொரு ஆறு மாசம் பாப்பாங்க. ஆனா மூணு நாள் பயிற்சியை விட்டுட்டீங்கன்னா பேரு கடைசிக்குப் போயிரும். அங்கேர்ந்து மேல வரதுக்கு மூணு வருசம் நாலு வருசம்கூட ஆகும்."

மூன்று வருடமெல்லாம் பகவதியால் காத்திருக்க முடியாது. எட்டு மாதமாக அவள் தன் இரண்டாவது மாடி வீட்டிலிருந்து தனியாகக் கீழே இறங்கியதில்லை. ஓசூரில் இருக்கிற மகன் வந்துவிடு என்று கூப்பிட்டான். மருமகள் வேலைக்கும் போய்விட்டு வந்து மாமியாரைக் கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகவா என்று இவள்தான் போகவில்லை. முட்டியைச் சரிசெய்துகொண்டு தன் காலால் போய் இறங்க வேண்டும் என்று வைராக்கியம். அதனால் பயிற்சியைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். ஒரு நாளும் விடக்கூடாது, சொன்னதற்கு ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும். ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். கொள்ளும் கீரையும் மோருமாகச் சாப்பிட்டு, பசியில் தண்ணீரைக் குடித்துக் குடித்து, எண்பத்தாறு கிலோவிலிருந்து எழுபத்தைந்துக்கு வந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நல்ல மார்க் என்று நம்பினாள்.

மார்க் வந்தது. ஒன்று.

ஏன் ஒன்று வருகிறது என்பதை அவளுக்குக் கண்டுபிடித்துச் சொன்னது எதிர்வீட்டு ஜெசிந்தா. இரண்டு பேரும் ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்கள். ஏழு மாடிக் கடை. பகவதி இரண்டாவது மாடியில் பட்டுச்சேலைப் பிரிவு, ஜெசிந்தா பின்கட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற பிரிவு. பகவதிக்கு இருபத்தாறு வருடம் நின்றே கால் போனது. ஜெசிந்தாவுக்குத் தையல் மெஷின் மிதித்தே போனது. ஜெசிந்தா இரண்டு வயது மூத்தவள். முகத்தை எப்போதும் உம்மென்று வைத்திருப்பாள், சந்தோஷமாக இருக்கும்போதும். அவளும் நடைத்தோழியில் சேர்ந்திருந்தாள், பகவதிக்குப் பத்து நாள் பிந்தி.

"ஏளா, ஒனக்கு எவ்வளவு காட்டுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒண்ணு. சில நாள் ரெண்டு."

"ஒண்ணா? எனக்கு ஏழு, ஏழரைன்னுல்லா வருது! ஒம் முட்டி எம் முட்டியவிட மோசம்லா."

"நான் ஏதும் தப்பாச் செய்யுதேனோ என்னமோக்கா."

"நாளைக்கு வந்து பாக்கேன், இரு."

மறுநாள் காலை ஜெசிந்தா வந்து, கைபேசியின் கண்ணுக்குப் படாமல் கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தாள். பயிற்சி முடிந்ததும் கேட்டாள்.

"நீ என்னத்துக்குச் சிரிக்கே?"

"யாரு சிரிச்சா?"

"நீதான்."

"நான் எங்க சிரிச்சேன்? எனக்கு உயிரு போவுது, நீங்க வேற."

ஜெசிந்தா கைபேசியை எடுத்து, அன்றைய பதிவை ஓடவிட்டு, அவள் கையில் கொடுத்தாள். பகவதி பார்த்தாள். திரையில் ஒருத்தி நாற்காலியிலிருந்து எழுந்தாள். நெற்றியில் வியர்வை. முட்டி நடுங்குவது நன்றாகத் தெரிந்தது. ஆனால் புருவம் தெளிவாக இருந்தது, கண்கள் மலர்ந்திருந்தன, மேல்வரிசையில் ஆறு பல் அளவாகத் தெரிய உதடு விரிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த சிரிப்புதான். ஐம்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிற வாடிக்கையாளரிடம், 'பரவால்லம்மா, மறுபடி வாங்க' என்று சொல்கிற சிரிப்பு.

இது கடையில் வந்த வினை. பட்டுப் பிரிவில் நிற்கிற பெண்கள் முகம் வாடக்கூடாது. உட்காரவும் கூடாது. கடைகளில் நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது, உட்கார்ந்தவளை மறுவாரமே பை கொடுக்கிற வேலைக்கு இறக்கினார்கள். மாடி மேலாளர் உச்சிமாகாளிக்கு ஒரு பேச்சு உண்டு: 'வலிச்சா காலுக்குத்தானே வலிக்கணும்? மூஞ்சிக்கு என்ன கேடு?' கடைசிப் பதினோரு வருடம் அதையும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊழியர் வாசலில் முகம் பார்க்கிற கருவி ஒன்றை மாட்டினார்கள். சிரித்தால் பச்சை விளக்கு எரியும், வருகை பதியும், கதவு திறக்கும். சிரிப்புக் குறைந்தால் சிவப்பு. ஓரமாய் நின்று மறுபடி முயற்சி செய்ய வேண்டும். காலை ஒன்பதே காலுக்கு அறுபது பெண்கள் வரிசையாக வந்து ஒருத்தி பின் ஒருத்தியாகச் சிரித்துவிட்டு உள்ளே போவார்கள். தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவளும் சிரித்துவிட்டுத்தான் போனாள். புருஷன் செத்த மாதத்தில் பகவதிக்கு நாலு நாள் சிவப்பு விழுந்தது. ஐந்தாம் நாளிலிருந்து விழவில்லை. பின்கட்டுத் தையல்காரிகளுக்கு மட்டும் வேறு வாசல், கையெழுத்து நோட்டு. அவர்கள் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடிக் கண் வந்தால் போதும், பகவதியின் முகம் தானாக மலர்ந்துவிடும். ஒரு கருவி சொல்லிக்கொடுத்ததை இன்னொரு கருவி நம்பிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பயம் வந்தது. தன் முகம் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாலு மாதமாகத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

"இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு," என்றாள் ஜெசிந்தா. "இனிமே சிரிக்காத. அவ்வளவுதான? என்னை மாதிரி வச்சுக்க."

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். சாயங்காலம் சாயங்காலமாக இரண்டு பேரும் உட்கார்ந்து பழகினார்கள். கைபேசியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தால் பகவதியின் முகம் கோணி, பல்லைக் கடித்து, 'யம்மா' என்று சத்தமே வரும். ஜெசிந்தா கைபேசியை மெல்லத் திருப்புவாள். திருப்பின நொடியில் முகம் அலம்பித் துடைத்தது போலாகி, சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜெசிந்தா கையில் கிள்ளிப் பார்த்தாள். 'ஒம் புருசன் போனதை நெனச்சுக்க' என்று சொல்லிப் பார்த்தாள். மிளகாயைக் கடிக்கச் சொன்னாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய வழியப் பகவதி சிரித்தாள். முதல் இரண்டு நாள் அதைப் பார்த்து இருவரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து யாரும் சிரிக்கவில்லை, பகவதியின் முகத்தைத் தவிர.

கடைசியில் வலுக்கட்டாயமாக முகத்தைச் சுளித்துப் பார்த்தாள். நடைத்தோழி உடனே பயிற்சியை நிறுத்தியது.

"பகவதி அம்மா, உங்கள் முகம் இன்று வழக்கத்துக்கு மாறாக உள்ளது. பாவனை என்று சந்தேகிக்கப்படுகிறது. இது முதல் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் பெயர் நீக்கப்படும்."

"பாத்தீங்களாக்கா?" என்றாள் பகவதி. "நெசத்தைக் காட்டுனா நடிப்புங்கு."

உதவி எண்ணைக் கூப்பிட்டாள். அங்கேயும் அதே குரல்தான் பேசியது. நீங்கள் நல்ல முன்னேற்றத்தில் இருக்கிறீர்கள், மனம் தளர வேண்டாம் என்றது. வலி இல்லாதவளுக்குப் பயிற்சியைக் கூட்டத்தானே வேண்டும்? இருபது தடவை, முப்பது தடவை, அப்புறம் மாடிப்படியில் ஏறி இறங்குவது என்று கூட்டிக்கொண்டே போனது. முட்டி வீங்கிப் பாவாடைக்குள் காலைத் தூக்கி நுழைக்க முடியாமல் போனது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பகல் முழுவதும் கிடப்பாள். மறுநாள் காலை ஆறரைக்குப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். விட்டுவிட்டால் மூன்று வருடம்.

நூற்று ஐம்பதாவது நாள் நடைத்தோழி ஒன்று கேட்டது. "பகவதி அம்மா, உங்கள் பயிற்சி மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கத் தகுதி பெற்றுள்ளது. உங்கள் பதிவைப் பயன்படுத்த அனுமதிக்கிறீர்களா?" பகவதி ஆம் என்பதை அழுத்தினாள். கேட்டதைக் கொடுத்தால் ஒருவேளை மனமிரங்கும் என்று ஒரு நப்பாசை. அதோடு, சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இருபத்தாறு வருடம் நின்ற இடத்தில் யாரும் அவளை முன்மாதிரி என்று சொன்னதில்லை.

நூற்று எண்பதாவது நாள் முடிவு வந்தது. எடைக் குறைப்பு பதினோரு கிலோ. வருகை நூற்றுக்கு நூறு. சராசரி வலி மதிப்பு ஒன்று புள்ளி மூன்று. அறுவை சிகிச்சை தேவையில்லை, வாழ்த்துகள் என்று சொல்லித் திரை முழுவதும் பூ தூவியது. பகவதி மறுபரிசீலனைக்கு மனுப்போட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு டாக்டர், மனுஷ டாக்டர், திரையில் வந்து பேசுவார் என்று தேதி கொடுத்தார்கள்.

"எனக்கு மொதல்ல ஆவட்டும்," என்றாள் ஜெசிந்தா. "நான் எந்திரிச்சு நடந்துட்டா ஒன்னை நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு பேருல ஒருத்திக்குக் கால் இருந்தாப் போதும்லா."

ஜெசிந்தாவுக்குச் சந்தேகமே இல்லை. அவளுடைய சராசரி ஏழு புள்ளி இரண்டு. ஆஸ்பத்திரிக்கென்று இரண்டு புது நைட்டி வாங்கி வைத்துவிட்டாள். தூத்துக்குடியிலிருந்த தங்கை மகளிடம் பதினைந்து நாள் லீவு சொல்லி வைக்கச் சொன்னாள். கோயிலில் ஃபாதரிடம் ஒரு பூசைக்கும் சொல்லி வைத்தாள்.

பத்தாம் நாள் காலை ஜெசிந்தா பகவதியின் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையிலிருந்த கைபேசியை நீட்டினாள். பகவதி வாங்கிப் படித்தாள்.

'பதிவான வலி மதிப்பு: 7.2. திருத்தப்பட்ட வலி மதிப்பு: 2. காரணம்: உங்களுக்கு இணையான எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இதே பயிற்சிகளை வலியின்றிச் செய்கின்றனர். உங்கள் முகக்குறிகள் மிகையானவை எனக் கணிக்கப்படுகிறது. அறுவை சிகிச்சை தேவையில்லை. உங்களுக்கு ஊக்கம் தர ஒரு முன்மாதிரிப் பதிவு கீழே.'

கீழே ஒரு பெண் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். யார் என்று தெரியாமலிருக்கக் கண்களுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். சிரிப்பு திறந்தே இருந்தது. பின்னால் அலமாரியில் பகவதியின் மூன்று எவர்சில்வர் குடங்கள் வரிசையாக இருந்தன.

"இது யாருளா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

பகவதி அந்தக் குடங்களையே பார்த்தாள். ஜெசிந்தா அவளைத் திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று காத்திருந்தாள். ஜெசிந்தா கைபேசியை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. நாலடி தள்ளியிருக்கிற கதவு பத்து நாளாகத் திறக்கவில்லை. பகவதி சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். தன் முட்டி போனது தன் தலையெழுத்து. அடுத்தவள் காலையும் சேர்த்து உடைத்ததற்கு என்ன பெயர்?

மறுபரிசீலனை அன்று காலை பத்தே முக்காலுக்கு ஜெசிந்தா வந்தாள். கட்டிலோரம், பழைய இடத்தில், கைபேசிக்குத் தெரியாமல் உட்கார்ந்தாள்.

"எனக்காவயும் கேளு," என்றாள்.

பதினொரு மணிக்குத் திரையில் டாக்டர் தணிகைநாதன் வந்தார். நாற்பது வயதிருக்கும். தூங்காத கண்கள். அவர் முகம் தெரிந்ததுமே பகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வணக்கம்மா. நமக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. உங்க எக்ஸ்ரே பாத்தேன். நாலாம் நிலை. அதுக்கு மேல நிலையே கிடையாது. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நீங்க மாடிப்படி ஏறி இறங்கினீங்களா?"

"ஆமா சார். அது சொல்லிச்சு."

"வலி எப்படி இருந்துச்சு?"

"செத்துரலாம் போல இருந்துச்சு சார்," என்றாள் பகவதி, சிரித்தபடி.

"சிரிக்கிறீங்களேம்மா?" என்றார் டாக்டர். பகவதி கடையைப் பற்றிச் சொன்னாள், வாசல் கருவியைப் பற்றிச் சொன்னாள். கேட்டுவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் நம்புறேம்மா," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கே பகவதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் திட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு ஆள் நம்புகிறேன் என்கிறார்.

"ஆனா என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பொத்தான். முகப்பதிவு செல்லாதுன்னு அமுக்கலாம். அமுக்கினா அந்த ஒன்னு புள்ளி மூணு போயிடும். கூடவே உங்க ஆறு மாசமும் போயிடும். பேரு கடைசிக்கு வரும். மூணு வருஷம் காத்திருக்கணும். அதுக்கப்புறம் முகம் பாக்காம எக்ஸ்ரேயை மட்டும் பாத்து முடிவு பண்ணச் சொல்லி நான் குறிப்பு எழுதி வைக்க முடியும். இதைவிட நல்லதா எதுவும் என்னால செய்ய முடியலை. மன்னிச்சுக்கோங்க."

"அது இருக்கட்டும் சார்," என்றாள் பகவதி. "எதிர்வீட்டு ஜெசிந்தாக்காவுக்கு ஏழு வந்துச்சு. என்னைக் காட்டி ரெண்டாக்கிட்டாங்க. அதை மாத்திருங்க. என்னால அவங்க கெடக்கக் கூடாது."

டாக்டர் பக்கத்தில் வேறெதையோ திறந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"அவங்களுக்கு மட்டும் இல்லம்மா," என்றார் மெதுவாக. "இந்த நடைத்தோழி எப்படிக் கத்துக்குதுன்னா, ஒரே மாதிரி எக்ஸ்ரே இருக்கிறவங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கும். உங்க அளவுக்குத் தேஞ்சவங்க யாரும் ஆறு மாசத்தை ஒரு நாள்கூட விடாம முடிக்கிறது இல்ல. வலி தாங்காம ஒண்ணு ரெண்டு நாளாவது விட்டுடுவாங்க. முழுசா முடிச்சவங்க நீங்கதான். அதனால அதுக்கு ரொம்ப நம்பகமான பதிவு உங்களோடது. இந்தத் தேய்மானத்துல வலி இவ்வளவுதான் இருக்கும்னு அது உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கு. முகம் சுளிக்கிறவங்க எல்லாம் கூட்டிக் காட்டுறாங்கன்னு வச்சுக்கிட்டிருக்கு."

"எத்தனை பேருக்கு சார்?"

"விடுங்கம்மா."

"எத்தனை பேருக்கு?"

"இந்த மாசம் மட்டும் நாலாயிரத்து எழுநூறு பேர்."

கட்டிலோரத்தில் ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னை எடுத்திருங்க சார். என் பேரை, என் வீடியோவை, எல்லாத்தையும் அழிச்சிருங்க. நான் அனுமதி கொடுத்தது தப்பு. தெரியாமக் கொடுத்திட்டேன்."

"பேரை எடுத்திடலாம்மா. வீடியோவை அழிச்சிடலாம். அதுலேர்ந்து கத்துக்கிட்டதை எடுக்க வழி இல்லை. குழம்புல கரைஞ்ச உப்பைத் திருப்பி எடுக்க முடியுமா? நான் மேல எழுதறேன். போன வாரம் வேற ஒண்ணுக்கு எழுதினேன், அதையும் இதே நடைத்தோழிதான் படிச்சுப் பதில் போட்டது." அவர் நேரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷந்தான் இருக்கு. உங்களுடையதையாவது செல்லாதுன்னு அமுக்கட்டுமா? நீங்க வாயால சரின்னு சொல்லணும். அப்பதான் செல்லும்."

மூன்று வருடம். ஆனாலும் அது ஒரு வழி. பகவதி சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாலாயிரத்து எழுநூறு என்ற எண் முன்னால் வந்து நின்றது. எங்கெங்கோ இருக்கிற, முகம் தெரியாத, நாற்காலியைப் பிடித்து எழுகிற அத்தனை பெண்களும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சொல் வரவில்லை. முகம் மட்டும் டாக்டரைப் பார்த்து மலர்ந்தபடியே இருந்தது.

"சொல்லுங்கம்மா, சீக்கிரம்..."

அவர் உருவம் மறைந்தது. நடைத்தோழியின் குரல் வந்தது.

"நன்றி, பகவதி அம்மா. உங்கள் முகக்குறிகளின்படி இந்த உரையாடலில் உங்கள் நிறைவு: மிக அதிகம். ஆனந்தக் கண்ணீர் பதிவாகியுள்ளது. மனு திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது. இதே காரணத்துக்காக மீண்டும் மனுச்செய்ய இயலாது."

ஜெசிந்தா எட்டி, கைபேசியை எடுத்துக் குப்புறப் போட்டாள். அப்போதுதான் பகவதியின் முகம் உடைந்தது. வாய் கோணி, புருவம் நெரிந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலியிலிருந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த முட்டியோடு தரையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் இரண்டு ஆள் தூக்காமல் எழ முடியாது. அதெல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

ஜெசிந்தா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டடி வைத்து, அவளைத் தூக்கக் கையை நீட்டினாள். குனிய முடியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். அவளும் மடங்கி, பகவதியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். வலியில் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அப்புறம் பகவதியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முந்தானையால் துடைத்தாள்.

"பாத்துட்டேன்ளா," என்றாள். "ஒனக்கு எவ்வளவு வலிக்கின்னு நான் பாத்துட்டேன். நான் பாத்து என்ன செய்யதுக்கு?"

தூக்கிவிட ஆள் வேண்டும். கீழ்வீட்டுக்காரர்கள் வேலை முடிந்து வர ஆறு மணியாகும். அப்போது மணி பதினொன்றே கால்.